சுண்ணாம்புக் குகையில் மதினியும் நானும்

என் மகள் மேகாலயாவில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், மதினியையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து அவளைப் பார்க்கப் போனேன். மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் ஆழ்வார்குறிச்சி வீட்டைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்து மலையில் ஒரு சுண்ணாம்புக் குகை இருப்பதாகவும், வழிகாட்டியோடு ஒரு வாசல் வழியாக நுழைந்து மறு வாசல் வழியாக வெளியேற இரண்டு மணி நேரம் ஆகும் என்றும் மகள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மதினி போகலாம் என்றாள். எட்டு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அடைத்த இடம் என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கும் என்பதை நான் சொல்லவில்லை.

மகளுக்கு வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். வழிகாட்டி ஓர் இளம்பெண். அரைகுறை ஆங்கிலத்தில் பேசினாள். மதினிக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். தலைவிளக்கு பொருத்திய ஹெல்மெட்டும் ரப்பர் பூட்ஸும் தந்தாள். முன்னால் அவள், நடுவில் நான், பின்னால் மதினி.

நூறு அடி போவதற்குள் வாசல் வெளிச்சம் மறைந்துவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர், ஐஸ் போலக் குளிர்ந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு ஆலம்விழுதுபோலத் தொங்கியது. எனக்கு எதையும் ரசிக்கத் தோன்றவில்லை. தலைக்கு மேல் எவ்வளவு மலை இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மூங்கில் ஏணியில் இறங்கியதும், விளக்கை அணைத்து ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னாள் அந்தப் பெண். அப்படி ஓர் இருட்டை நான் கண்டதில்லை. கண் திறந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவள் எரியவிடச் சொன்னதும் என் விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

கடைசியில் ஒரு பொந்து வந்தது. குப்புறப் படுத்து ஊர்ந்துதான் போக வேண்டும். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வந்த வழியே போனால் ஒன்றரை மணி நேரம், இதைத் தாண்டினால் பத்து நிமிஷத்தில் வெளியே என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் புகுந்து மறைந்தாள்.

நானும் புகுந்தேன். பாதி வழியில் முதுகில் பாறை அழுத்தியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கத்த வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. அப்போது என் கெண்டைக்காலை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"மதினி, மாட்டிக்கிட்டேன்."

"மாட்டல. மூச்சப் புடிச்சி வச்சிருக்க நீ. விடு. பைய விடு."

"செத்துருவேன் மதினி."

"சாக மாட்ட. நான் காலப் புடிச்சிருக்கேன்லா. மூச்ச முழுசா விட்டுட்டு ஒரு சாண் நகரு, போதும்."

விட்டேன். நெஞ்சு தாழ்ந்தது. ஒரு சாண் நகர்ந்தேன். மறுபடி விட்டேன், மறுபடி நகர்ந்தேன். அந்தப் பெண் கையை நீட்டி என்னை இழுத்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

வெயிலுக்கு வந்த பிறகுதான் மதினியின் தலைவிளக்கு எரியவில்லை என்பதை அந்தப் பெண் கவனித்தாள். முகம் வெளிறிவிட்டது. எப்போது அணைந்தது என்று மதினியிடம் கேட்கச் சொன்னாள்.

"ஏணியில இறங்கையில பாறையில இடிச்சிது. அங்கனயே அணைஞ்சிட்டு. அவ எரியவிடச் சொன்னப்போ எரியல" என்றாள் மதினி.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நடந்திருக்கிறோம். என் விளக்கொளியில் கண் கூசியதால் பின்னால் இருந்த இருட்டு அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மதினியைக் கேட்டேன்.

"சொன்னா உன் லைட்ட எனக்குக் குடுத்திருவ. பெறவு நீ எப்படி வருவ?"

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். உன் பூட்ஸு மட்டும் தெரிஞ்சிது. அதையே பாத்துக்கிட்டு வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு தோள், தாடை எல்லாம். வழிகாட்டிப் பெண் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் டீ வாங்கி வந்தாள். மதினியால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொள்ள, குனிந்து குனிந்து குடித்தாள். பாதியில் நிறுத்தி, சீனி போதாது என்றாள்.