தெரியலைன்னா வேண்டாம்னு போடு

ஹெல்ப் டெக்ஸ்ட் திருத்தற வேலைன்னா எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இளக்காரம். "என்னங்க, இன்னிக்கும் எழுத்துப் பிழை பொறுக்கறீங்களா?"ன்னு டீ குடிக்கப் போறப்ப சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நான் சொல்லப் போறது சிரிச்சவங்களைப் பத்தித்தான்.

சரவணம்பட்டில எங்க கம்பெனி கோழி ஷெட்டுக்குக் கன்ட்ரோலர் பொட்டி செய்யுது. நாலு பக்கமும் அடைச்ச ஷெட்டு. ஃபேன் ஓடலைன்னா உள்ள கோழி வெந்து செத்துப்போகும். அந்த ஃபேனையெல்லாம் ஓட்டறது எங்க பொட்டிதான். பொட்டிக்குள்ள வாட்ச்டாக் டைமர்னு ஒரு சின்னக் கடிகாரம் இருக்கு. புரோகிராம் அதை அப்பப்பத் தட்டிக்கிட்டே இருக்கணும். தட்டலைன்னா, புரோகிராம் உறைஞ்சுபோச்சுன்னு அது பொட்டியை அணைச்சு மறுபடி கிளப்பி உட்டுரும். அம்புட்டுத்தான் அதோட வேலை. ஆனா கோழிக்கு உசுரே அதுதான்.

பொட்டிக்கு சாஃப்ட்வேர் கட்டறப்ப, அந்தக் கடிகாரத்தை இயக்கற டிரைவர்ங்கற சின்னப் புரோகிராமைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு ஒரு கேள்வி வரும். கூடவே நாலு வரி விளக்கம். அதுக்குப் பேருதான் ஹெல்ப் டெக்ஸ்ட். எங்க டிரைவருக்கு அந்த விளக்கத்தை எவனோ ஒரு பழைய டிரைவர்ல இருந்து ஈயடிச்சான் காப்பி அடிச்சு ஒட்டிப்போட்டுப் போயிட்டான். அதுல இருந்தது வேற சிப்போட பேரு, வேற போர்டோட பேரு. கடைசில ஒரு வரி: உறுதியாத் தெரியலைன்னா வேண்டாம்னு போடு.

சாஃப்ட்வேர் கட்டறவர் அதைப் படிச்சாரு. நம்ம சிப்புப் பேரு இல்லை, உறுதியாத் தெரியலை, வேண்டாம்னு போட்டுட்டாரு. அவருக்கு ரெண்டு மேசை தள்ளித்தான் நான் உக்காந்திருக்கேன். "ஏனுங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"ன்னு பின்னாடி கேட்டப்ப, "நீங்க வேலையா இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு உட்டுட்டேனுங்க"ன்னாரு. கேட்டீங்களா கதையை! எங்க ஊர்க்காரங்க மரியாதை மரியாதைன்னு வாயையே தெறக்காம ஊரைக் கொளுத்திப்போடுவாங்க. நானும் இதே ஊர்க்காரிதான், இருந்தாலும் சொல்றேன்.

அந்தப் பொட்டி அன்னூர்ப் பக்கம் ஒரு அம்மாவோட ஷெட்டுல இருந்துச்சு. சித்திரை வெயில், உச்சிப் பொழுது. அவங்க சோத்துக்கு ஊட்டுக்குப் போன நேரத்துல பொட்டி உறைஞ்சு ஃபேனெல்லாம் நின்னுபோச்சு. அலாரம் அடிக்க வேண்டியதும் அதே பொட்டிதான். திரும்பி வந்து கதவைத் தொறந்தா ஷெட்டு பூராக் கோழி செத்துக் கெடக்கு. குஞ்சு குடுத்து வளத்து வாங்கிக்கற கம்பெனியோட சூப்பர்வைசர் வந்து பாத்துட்டு, ஷெட்டைக் கவனிக்காம உட்டுட்டீங்க, இனிக் குஞ்சு எறக்க மாட்டோம்னு சொல்லிட்டாரு. அந்த ஷெட்டை உட்டா அவங்களுக்கு வேற பொழப்பு இல்லை.

அந்தம்மா எங்க ஆபீசுக்கே வந்தாங்க. ரிசப்ஷன்ல நின்னுக்கிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. பொட்டி தானா நின்னுதா, நாந்தான் ஏதாச்சும் பண்ணிப்போட்டனான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க"ன்னாங்க. பறிகொடுத்தவங்க கெஞ்சறாங்க! எங்க மேனேஜர் காபி வாங்கிக் குடுத்து, "கரண்டு ஏறி எறங்கியிருக்குமுங்க, பாக்கலாமுங்க"ன்னு வழியனுப்பிட்டாரு. எங்க ஊர்ல பாக்கலாமுங்கன்னா பாக்க மாட்டோம்னு அர்த்தம்.

அந்தம்மா கொண்டாந்து குடுத்த பொட்டியைக் கழட்டிப் பாத்தது நான், அதுவும் என் வேலைதான். கரண்டாவது, கத்திரிக்காயாவது! புரோகிராம் உறைஞ்சிருக்கு, அதை எழுப்பி உட வேண்டிய கடிகாரத்தை நாங்க சேர்க்கவே இல்லை.

அன்னிக்கே விளக்கத்தை மாத்தி எழுதினேன். சரியான சிப்புப் பேரைப் போட்டேன். இது எதுக்கு, இல்லைன்னா என்னாகும்னு போட்டேன். தெரியலைன்னா சேத்துக்கோன்னு முடிச்சேன். ஏன் மாத்தறேங்கற குறிப்புல அன்னூர்ல நடந்ததையும் எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டாரு.

"அம்மிணி, ஹெல்ப் டெக்ஸ்டைச் சுத்தம் பண்ணினதா மட்டும் போடுங்க. கோழி கீழியெல்லாம் அதுல எதுக்குங்க?"

"அப்ப அந்தம்மாவுக்கு என்னங்க பதிலு?"

"அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களைப் பாத்திருக்கேன். மறைச்சுப்போட்டு, 'ங்க' சேத்துப் பரிமாறறவங்களை அன்னிக்குத்தான் பாத்தேன். "குறிப்புல ஒரு எழுத்துக்கூட எடுக்க மாட்டேன். வேணும்னா என்னை எடுத்துக்கங்க"ன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாள் லீவு போட்டுட்டு அன்னூருக்குப் போனேன். சூப்பர்வைசரையும் ஷெட்டுக்கே வரச் சொல்லியிருந்தேன். அவரு முன்னாடி நின்னு, "தப்பு எங்க பொட்டிதுங்க. உறைஞ்சா அது தன்னால எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்க உடாம வெச்சது நாங்க. இந்தம்மா மேல போடாதீங்க"ன்னேன். அவரு மண்டையைச் சொறிஞ்சுக்கிட்டு அக்கட்டால போய்க் கம்பெனிக்கு போன் பேசிட்டு வந்தாரு. "செரிங்க, அடுத்த பேட்ச் எறக்கறோமுங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

தெரியலைன்னா வேண்டாம்னு போடுன்னு இருந்த வரியைப் பத்தியும் அந்தம்மாகிட்ட ஒண்ணு உடாமச் சொன்னேன். பழி போச்சேன்னு சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சேன். அவங்க என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"வேண்டாம்னு போடச் சொல்லி எழுதினது யாரு கண்ணு?"

"எங்க பொட்டிக்குன்னு யாரும் எழுதலீங்கம்மா. பழசுல இருந்து எடுத்து ஒட்டினது."

"அது சரிதானான்னு யாரும் கேக்கலியா?"

"கேக்கலீங்க."

அவங்க காலி ஷெட்டைத் திரும்பிப் பாத்தாங்க.

"என்ர தப்போ, என்ர தப்போன்னு நானு இத்தனை நாளாத் தூங்கலை. உங்கள்ள ஒருத்தருக்காச்சும் தூக்கம் கெட்டுச்சா கண்ணு?"