பூட்டு விழாத வேன்

துடியலூரில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் இல்யாஸ், அன்று காலை மாட்டு டாக்டரின் பழைய ஃபோர் வீல் டிரைவ் வேனில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் ஓட்டுநர் காளிச்சாமி. மறு பக்கம் அன்னூர் தமிழ்வேந்தன். இதே மாதிரி ஒரு வேன் வைத்திருப்பவர். இல்யாஸ் செய்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தன் வண்டியை ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த வேலை தனக்குத்தான் என்று இல்யாஸ் வீட்டில் சொல்லிவிட்டே கிளம்பியிருந்தான்.

"முன்னாடி இந்தக் குமிழை இழுத்தா, காத்து ரப்பர் குழாய்ல போயி பின் அச்சுல இருக்கற லீவரைத் தள்ளுமுங்க. குழாயெல்லாம் வெடிச்சுப்போச்சு. இப்ப மோட்டார் வெச்சுக் கேபிள் போட்டுட்டேன். சுவிட்சைத் தட்டுனா பச்சை லைட்டு எரியும், டிஃப் லாக், அதானுங்க பின் அச்சுப் பூட்டு, விழுந்துரும். ரெண்டு பின்சக்கரமும் ஒண்ணாச் சுத்தும். சேத்துல ஒண்ணு மட்டும் சும்மா சுத்தற கதையே இல்லீங்க."

"பாய் வேலைன்னா வேலைதானுங்க" என்றார் காளிச்சாமி, ரோட்டைப் பார்த்தபடி.

ஆனைகட்டிப் பக்கம் ஓர் ஓடை. மழை பெய்து சேறாகக் கிடந்தது. காளிச்சாமி சுவிட்சைத் தட்டினார். பச்சை எரிந்தது. வேன் மறுகரையில் பாதி ஏறி நின்றுவிட்டது. இடது பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தது. வலது அசையவே இல்லை.

"இருங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று காளிச்சாமி இறங்கினார்.

"அண்ணனுக்கு இந்த ஓடை வந்தா மட்டும் முட்டிக்குமுங்க" என்றார் பின்னால் மருந்துப் பெட்டியோடு இருந்த டாக்டர் மெர்சி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இல்யாஸ் எட்டிப் பார்த்தான். வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே ஒரு கோணிச்சாக்கு. டங்கென்று ஒரு சத்தம். லீவரைக் கையாலேயே நெம்பித் தள்ளியிருந்தார்.

இல்யாஸுக்கு முகம் எரிந்தது. மழை தொடங்கிய புதிதில் இதே மனுஷன் கடைக்கு வந்து, "லைட்டு எரியுதுங்க பாய், ஆனா வண்டி ஏற மாட்டேங்குது" என்று நின்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எதிரிலேயே இல்யாஸ் சொன்னான்: "லைட்டு எரிஞ்சா லாக் விழுந்துருச்சுங்ணா. அப்புறம் கோளாறு உங்க கால்லதான்." எல்லோரும் சிரித்தார்கள். காளிச்சாமியும் சிரித்தார். அதன் பிறகு வரவே இல்லை.

லாக் விழுந்ததா என்று அறிய அச்சிலேயே ஒரு சென்சார் உண்டு. அதன் வயர் அறுந்து கிடந்ததை வேலை செய்தபோதே இல்யாஸ் பார்த்திருந்தான். இதைத் தேடி யார் இழுப்பது என்று, லைட்டுக்கு சுவிட்சிலிருந்தே கரண்ட் கொடுத்துவிட்டான். கேபிள் தளர்ந்து லீவர் பாதியில் நின்றாலும் அந்த லைட்டு எரியும்.

காளிச்சாமி கையைத் துடைத்தபடி ஏறினார். இப்போது வேன் முணுமுணுக்காமல் மேட்டில் ஏறியது.

"என்னாச்சுங்க?" என்றார் தமிழ்வேந்தன்.

"மண்ணு அப்பிக்கிச்சுங்க. மத்தபடி பாய் போட்டது கல்லு மாதிரி இருக்குது."

"அப்ப சரி. எனக்கும் இதே மாதிரி போட்டுருங்க பாய்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை இல்யாஸ் கைக்கு வந்துவிடும்.

"வேண்டாமுங்க. லாக் விழுகலீங்க. அந்த லைட்டு சுவிட்சைத்தான் காட்டுது. நான் அப்படி இழுத்துப்போட்டேன். காளிச்சாமிண்ணன் அடியில படுத்துத் தள்ளுனதாலதான் ஏறுச்சு."

தமிழ்வேந்தன் இதமாகச் சொன்னார்: "பரவால்லீங்க. என்ற வண்டிய அப்புறமாப் பாத்துக்கலாமுங்க."

அந்த அப்புறம் வரப்போவதில்லை. கோயமுத்தூரில் பிறந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஏனுங்ணா, மறுபடி வந்து என்னைய நாலு திட்டுத் திட்டியிருக்கலாமுல்ல?" என்றான் இல்யாஸ் காளிச்சாமியிடம்.

காளிச்சாமிதான் தப்புச் செய்தவர்போல நெளிந்தார். "நாலு பேருத்துக்கு முன்னால சொல்லிப்போட்டீங்க. நான் திரும்ப வந்து நின்னா உங்களுக்குச் சங்கட்டமாப் போயிருமுன்னுதானுங்க."

இல்யாஸால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. "நாளைக்கு வண்டியக் கடைல உட்டுருங்க. எல்லாத்தையும் கழட்டி மறுபடி பண்ணித் தர்றேன்."

"நாளைக்கு மலை மேல இருக்கற ஊருக்குப் போகோணுமுங்களே" என்றார் காளிச்சாமி. "உங்களுக்குத் தோதுப்படறப்ப மெதுவாச் செய்யுங்க பாய். எனக்கென்னங்க, பழகிப்போச்சு."