அக்காவிடம் கேட்ட சிபாரிசு

பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதுதான் அவள் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவள் ‘மீட்டர் அக்கா’. மாடிப்படிக்கு அடியில், நாய் கட்டியிருக்கும் மூலையில் என்று மீட்டர் எங்கே ஒளிந்திருந்தாலும் விடமாட்டாள். ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டராவது கால் தேய நடப்பாள். அதற்காக ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை மெச்சியதில்லை.

தங்கை பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். முக்குக் கடைக்குக்கூட ஸ்கூட்டரில் போகிற ரகம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மலைத்தொடரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாற்பது நாள் நடக்கப்போவதாகச் சொன்னாள்.

“கூடாரம், வழிகாட்டி, சாப்பாடுன்னு ஏகப்பட்ட செலவுக்கா. உதவி கேட்டு நாலஞ்சு இடத்துக்கு லெட்டர் போட்டிருக்கேன். படிச்சுப் பாரேன்.”

‘நடையே மூச்சாக வாழும் குடும்பத்தில் பிறந்தவள் நான்’ என்று ஆரம்பித்தது லெட்டர். அக்காவுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நடந்தது யார், மூச்சு வாங்கினது யார்! அந்த மலைப்பாதையைப் பற்றிப் பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தவள் அக்காதான். கல்யாணம், குழந்தை, படுத்த படுக்கையான மாமியார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் படம் பழுத்து உதிர்ந்தே போனது. காசில்லாததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கேட்டால் கிடைக்கும் என்பது தன் மரமண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்பதுதான் குடைந்தது.

“நல்லா எழுதியிருக்க” என்று மடித்துக் கொடுத்தாள்.

பல் டாக்டர் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு அக்காவின் வீட்டுக்காரரும் தன் பங்கைக் கொடுத்துவிட்டு, “உன் தங்கச்சிக்கு எவ்வளவு தைரியம் பாரேன்” என்றார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த காபியில் சர்க்கரை இல்லை.

பெரிய தொகை தருவதாக இருந்தவர் ஒரு ஷூ கம்பெனி முதலாளி. அவர் ஒருநாள் அக்காவுக்கே போன் செய்தார். மூன்றாம் மாடிப் படியில் நின்று எடுத்தாள்.

“உங்க தங்கச்சிதான் இந்த நம்பர் கொடுத்தாங்க. உண்மையைச் சொல்லுங்கம்மா, அவங்களால நடக்க முடியுமா?”

“பஸ் ஸ்டாப்பைத் தாண்டி அவ நடந்து நான் பார்த்ததே இல்ல சார்.”

சொல்லி முடித்ததும் ஜில்லென்று இருந்தது. அந்தத் தெருவை முடிப்பதற்குள் அது கசந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“ஷூ கம்பெனிக்காரர் பணம் தரலைன்னுட்டார். நீயா சொன்ன?”

“பொய்யா சொன்னேன்?”

“பொய் இல்ல. நான் போறது உனக்குப் பிடிக்கலைன்னு என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?”

“பிடிக்கல. வயிறு எரியுது. போதுமா?”

தங்கை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “டாக்டர் சாயங்காலம்தான் வருவார். நாளைக்குக் காலையிலேருந்து உன் கூடவே வரேன். நான் நடக்கிறதைப் பார்த்துட்டு நீயே ஷூ கம்பெனிக்காரருக்குப் போன் பண்ணு.”

முதல் வாரம் தங்கையின் குதிகால் இரண்டும் கொப்புளம். அக்கா வேண்டுமென்றே நடையை எட்டிப் போட்டாள். திரும்பிப் பார்த்து, அவள் நொண்டுவதில் உள்ளுக்குள் குளிர்ந்தாள். நான்காம் வாரம் தங்கை பின்தங்கவில்லை. ஆறாம் வாரம், முந்திப் போய்த் தெருக்கோடியில் நின்று அக்காவுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதுவும் பொறுக்கவில்லை. ஆனாலும் அன்று மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

“சார், அவ நடக்கிறா. என்னைவிட வேகமாவே நடக்கிறா.” சொன்ன கையோடு போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனாள்.

பணம் வந்தது, தங்கை போனாள். மலையிலிருந்து அவள் பேசியபோதெல்லாம், போனில் இரைந்த காற்றைக் கேட்கச் சகிக்காமல், “சரி சரி, சாப்பிட்டியா? வைக்கிறேன்” என்று சீக்கிரமே பேச்சை முடித்தாள் அக்கா.

நாற்பத்திரண்டாம் நாள் தங்கை கறுத்து இளைத்துத் திரும்பி வந்தாள். கூடம் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு கேள்வி. எல்லோரும் போன பிறகு அக்கா கேட்டாள்.

“லீவுக்கும் பணத்துக்கும் எப்படி எழுதிக் கேக்கணும்?”

“யாருக்குக்கா?”

“எனக்குத்தான். வேற யாருக்கு?”

இந்தத் தடவை லெட்டரை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். ஷூ கம்பெனிக்காரர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆபீஸ் கொடுத்தது மட்டும் பதினைந்தே நாள். அதில் பாதையின் மூன்றில் ஒரு பங்கு நடந்துவிட்டு, கன்னமெல்லாம் வெயிலில் உரிந்து வந்து சேர்ந்தாள் அக்கா. அவளைப் போல சந்தோஷமாக ஒரு ஆளை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஆனால் மீதிப் பாதையைத் தங்கை நடந்துவிட்டாளே என்ற பொருமல் அவளுக்கு இன்றைக்கும் உண்டு; கேட்டால் மறைக்காமல் சொல்லுவாள்.