வீடு வீடாக டீ போட்டுக் காட்டியவள்

வீடு வீடாகப் போய் டீ போட்டுக் காட்டும் வேலையில், ஸ்டவ்வில் தண்ணீர் கொதிப்பதற்குள் நாம் நாலு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துவிடுவோம். சோப்போ, ஊறுகாயோ, இன்ஷூரன்ஸோ, எதையாவது தூக்கிக்கொண்டு அந்நியர் வீட்டு வாசற்படியில் நின்ற சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலூரில் கான்வென்ட்டில் படித்து, கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தவள் நான். சிஸ்டர்கள் எனக்குக் கோப்பையைச் சத்தமில்லாமல் ஸாஸரில் வைக்கக் கற்றுத் தந்தார்கள். நாய் குரைக்கும் வீட்டுக்குள் எப்படிப் போவது என்று யாரும் கற்றுத் தரவில்லை. இங்கிலீஷ் தெரிந்த, அடக்கமான பெண் வேண்டும் என்று ஒரு தேயிலைக் கம்பெனி கேட்டது. வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை பார்க்கும் என் கணவர், "சும்மா போய்ப் பாரேன்" என்றார். போனேன். ஒரு பம்ப் ஸ்டவ், எனாமல் கெட்டில், வடிகட்டி, பை நிறைய மாதிரிப் பொட்டலம், கலர்ப் படம் போட்ட ஒரு புஸ்தகம், எல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

எனக்கு நடக்கப் பழகும் வயதில் ஒரு பையன், பாபு. இந்த வேலைக்கு நான் போக ஆரம்பித்ததிலிருந்து அவன் ராத்திரியில் தூங்குவதில்லை. அழுவதும் இல்லை. உட்கார்ந்து சிரிக்கிறான். இதை எழுதும்போதும் தரையில் டம்ளரை உருட்டிக்கொண்டு முழித்திருக்கிறான். அவனுக்கு என்னவோ ஏதோ என்று நான் செத்துப் பிழைத்த கதையும் இந்த டீக்குள்ளேதான் இருக்கிறது.

கெட்டில் குடிக்குமா?

கம்பெனியில் ஒரு பிரசங்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "பெரியவர் சிறியவர் அனைவரும், நாள்தோறும் இருவேளை பருகிப் புத்துணர்ச்சி பெறுவீர்!" ஜெபம் மாதிரி நெட்டுருப் போட்டேன். முதல் ஒத்திகை அடுத்த வீட்டு மரகதம் அக்காவிடம். அக்காவின் கணவர் பட்டு நெசவு. அவருக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அக்காவின் வேலை. பெண்களெல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டதால், பாபுவைப் பகலில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அந்த நன்றிக்கு வாரா வாரம் மாதிரிப் பொட்டலம் கொஞ்சம் அவளுக்குத்தான்.

பாபு அவள் மடியில். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கெட்டிலைச் சூடு காட்டி, சிஸ்டர்கள் சொன்ன மாதிரியே உரக்கச் சொன்னேன்: "ஆளுக்கு ஒரு ஸ்பூன் தூள். கெட்டிலுக்கு ஒரு ஸ்பூன்." கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆளுக்கு ஒண்ணு, சரி. கெட்டிலுக்கு எதுக்கும்மா ஒண்ணு? அதுவா குடிக்கப் போவுது?"

பாவுக்கு அடியில்

நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் போனால் தெருவே தறியாக இருக்கும். பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. அதைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் போகவேண்டுமானால் குனிந்து அடியில்தான் போகவேண்டும். அது எனக்குத் தெரியும். என் கொண்டைக்குத் தெரியவில்லை.

ஒரு வீட்டில் போட்ட டீ கெட்டிலில் மிச்சமிருந்தது. ஆறுவதற்குள் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று சமர்த்தாக யோசித்துக் குனிந்தேன். நடுவில் போனதும் தலையை யாரோ பிடித்தார்கள். கொண்டை ஊசி நூலில் மாட்டிக்கொண்டுவிட்டது. கையில் கொதிக்கக் கொதிக்க டீ. தலைக்கு மேலே மயில் கழுத்து நிறத்தில் பட்டு. தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒரு பெண் ஓடிவந்து, குழந்தை கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல ஊசியை உருவினாள். அதுவரை என் கையிலிருந்த கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த பாவுக்காரர் மெதுவாகச் சொன்னார்:

"அசையாத நில்லும்மா. அது சாஞ்சா மூணு கல்யாணம் நின்னுடும்."

ஒரு பாவில் மூன்று முகூர்த்தப் புடவை என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்று முதல் என் தலையில் கொண்டை இல்லை, பின்னல்தான்.

சீனாவுக்கு யார் போவார்?

டீ கொதிக்கும்வரை வாடிக்கையாளர் எழுந்து போய்விடாமல் இருக்கத்தான் அந்தப் படப் புஸ்தகம். டீப் பிரியர்கள் வாழ்வில் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய ஊர்களாம். டார்ஜிலிங்கில் பனிமலை, அஸ்ஸாமில் ஆறு, சிலோனில் அருவி, ஜப்பானில் குட்டை மேஜையைச் சுற்றி மண்டியிட்ட பெண்கள், பிறகு நம்ம நீலகிரி. "இங்கெல்லாம் போய் ஒரு கோப்பை பருகினால் எப்படி இருக்கும்!" என்று நான் கண்ணை மூடிக் கனவு காணவேண்டும். அதுவும் பிரசங்கத்தில் இருந்தது.

புஸ்தகம் அச்சடித்தவருக்குச் சீனாவோடு சண்டை நடந்தது மறந்துபோயிருக்கவேண்டும். ஒரு வீட்டில் கண்ணை மூடியபடியே அடுத்த பக்கத்தைத் திருப்பி, "தேயிலையின் தாய்வீடு சீனா!" என்றேன். கண்ணைத் திறந்தால், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து நிற்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. அடித்துவிடுவாரோ என்று நான் கெட்டிலைக் கேடயமாகப் பிடித்தேன். அவர் அடிக்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, அவள் காதைக் காட்டினார். ஓட்டையில் வேப்பங்குச்சி.

"சண்டை நிதிக்குன்னு இவ கம்மல கழட்டிக் குடுத்தா. அது அவன் ஊருக்குப் போய் டீ குடிக்கவாம்மா?"

கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன். பசை தடவிய வெள்ளைத் தாள் ஒன்று தபாலில் வந்தது, அந்தப் பக்கத்தின் மேல் ஒட்ட.

இரண்டு வீடு, இரண்டு அதிர்ச்சி

காப்பி மட்டுமே குடிக்கும் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் கதவைத் தட்டினேன். திறந்த மாமி கெட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். டீ என்று நான் சொன்னதுமே அவள் குரல் இரக்கமாகிவிட்டது. "ஏன்டிம்மா, ஆத்துல யாருக்காவது ஜுரமா?"

ஏரிக்கரைக் கிராமமான தாமலில் அப்படி இல்லை. அங்கே ஒரு விவசாயி வீட்டில் மோர் கொடுத்து உபசரித்து, படப் புஸ்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் நீலகிரிப் பக்கத்தில் நின்றுவிட்டார். மலைச் சரிவு முழுக்கப் பச்சைப் பசேலென்று தேயிலை. மயங்கிவிட்டார், இன்று பத்துப் பொட்டலம் நிச்சயம் என்று நான் பையைத் திறந்தேன். அவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மேலும் கீழும் தேடி, ஏதோ பெரிய அநியாயத்தைக் கண்டவர்போல என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஏரி எங்கம்மா? ஏரி இல்லாத ஊருக்குப் போயி இன்னாத்தப் பாக்கறது?"

டாக்டரம்மா

இதற்குள் பாபு தூங்காமல் இருப்பது எனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்திருந்தது. சாயங்காலம் நான் வீடு திரும்பினால் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளுகிறான். ஊரே அடங்கிய பிறகும் கண் பளபளவென்று இருக்கிறது. மூளையில் ஏதோ கோளாறு, நான் விட்டுவிட்டுப் போன ஏக்கம் தலைக்கு ஏறிவிட்டது, இப்படியெல்லாம் நினைத்து, லீவு போட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் கண்ணை விரித்துப் பார்த்தார், காதைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். "என்ன கொடுக்கிறீங்க?" "பால், பருப்பு சாதம், கேழ்வரகுக் கஞ்சி." "வேற?" "வேற ஒண்ணும் இல்லை டாக்டர்." சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். பாபு அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். டாக்டரம்மா அவனை என் இடுப்பில் வைத்துவிட்டு என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார்.

"உங்க பையன் நல்லா இருக்கான். உங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு."

கோபுரம் இல்லாத ஊர்

கம்பெனி ஒரு குலுக்கல் வைத்தது. டீப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து அனுப்பினால், பெயர் விழுந்தவர்களுக்கு ஜோடியாக நீலகிரிக்குப் பயணம், தேயிலைத் தோட்டத்தில் தங்கல். பெயர் விழுந்தது யாருக்கு? மரகதம் அக்காவுக்கு. மாதிரிப் பொட்டலம் போதாமல் கடையிலும் பெட்டி பெட்டியாக வாங்கி, அட்டை கட்டுக் கட்டாக அனுப்பியிருந்தாளாம். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவு டீ எங்கே போகிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. பெருமையாக இருந்தது.

அவர்கள் ஊரில் இல்லாத அந்த வாரம் முழுக்க நான் லீவு எடுத்துப் பாபுவோடு இருந்தேன். முதலில் சாயங்காலமானால் வாசலைப் பார்த்துச் சிணுங்கினான். அப்புறம் ஒரு நாள், விளக்கு வைத்த கையோடு தூங்கினான். மறுநாள் விடியும்வரை! சந்தோஷப்பட வேண்டியவள் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். பையன் முழித்திருந்தபோது பட்ட பயத்தைவிடத் தூங்கியபோது பட்ட பயம் பெரிது. என்னைப்போன்ற தாய்மார்கள் சிரிக்காமல் படிப்பீர்கள்.

அக்கா மங்கி குல்லாயோடு திரும்பினாள். மலை, மேகம், தேயிலைக் கிள்ளும் பெண்கள், எல்லாவற்றையும் அவள் வாயால் கேட்கத் துடித்தேன். வாடிக்கையாளர்களிடம் நான் மூடிய கண்ணோடு கண்ட கனவை அவள் நிஜமாகவே பார்த்துவிட்டு வந்தவள் ஆயிற்றே! அவளோ இடிந்துபோனவள்போல முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க திரும்பினாலும் ஒரே செடி, ஒரே மலை. ஒரு கோபுரம் கண்ணுல படலம்மா. அந்த ஊரு ஜனங்க எதப் பாத்துத்தான் வழி கண்டுபிடிச்சி வூட்டுக்குப் போறாங்களோ!"

நாலு மணிக்கு

அக்கா வந்தாள். பாபுவின் தூக்கம் போனது. அன்று ராத்திரியே போனது.

கான்வென்ட்டில் படித்தவள் இதைச் சொல்லக் கூடாது. ஆனாலும் மனசு என்னென்னவோ நினைத்தது. அக்கா இல்லாதபோது தூங்குகிறான், இருக்கும்போது முழிக்கிறான். கண் திருஷ்டியா? வேறு ஏதாவதா? அக்கா முகத்தைப் பார்க்காமலே பாபுவை வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்டுவிட்டால் ஒரு நல்ல மனுஷியை இழந்துவிடுவேன். கேட்காவிட்டால் பிள்ளையை இழந்துவிடுவேனோ என்று பயம்.

இன்று ஸ்டவ் அடைத்துக்கொண்டுவிட்டது. அடைப்பைக் குத்திவிடும் ஊசியும் ஒடிந்துபோக, பாதி வேலையில் நாலு மணிக்கே திரும்பினேன். அக்கா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. சத்தம் போடாமல் எட்டிப் பார்த்தேன். தறி நின்றிருந்தது. அக்காவின் கணவர் தறியை விட்டு விலகி, சுவரோரமாக உட்கார்ந்து டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். அக்கா சம்மணம் போட்டிருந்தாள். அவள் மடியில் என் பிள்ளை. அவள் டபராவில் ஆற்றி ஆற்றி ஸ்பூனில் எடுக்க, அவன் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து, சப்புக் கொட்டி, இன்னும் என்று அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். நல்ல கருஞ்சிவப்பாக, என் கம்பெனி டீ. பக்கத்தில் நான் கொடுத்த மாதிரிப் பொட்டலம் வாய் பிளந்து கிடக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் அக்காவின் கணவருக்குப் புரையேறிவிட்டது. "அக்கா! குழந்தைக்கு டீயா? தினமுமா?" என்று கத்தினேன். பையிலிருந்த கெட்டில் உருண்டு கூடத்தின் மூலைக்குப் போனது. பாபு மட்டும்தான் அசரவில்லை. அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தான். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண்ணில் உண்மையாகவே அதிர்ச்சி. என்னுடையதைவிடப் பெரிய அதிர்ச்சி.

"இன்னாம்மா இப்படிக் கேக்கற? பெரியவங்க சின்னவங்க அத்தினி பேரும் தினம் ரெண்டு வேளைன்னு என் எதிர்ல நின்னு ஒப்பிச்சது நீதானே? ஆளுக்கு ஒரு ஸ்பூன், நீ சொன்ன கணக்குதான். கெட்டிலுக்குத்தான் போடல, அது இன்னா குடிக்கவா போவுது?"

இத்தனை தெரு ஏறி இறங்கி, கம்பெனி சொன்னபடி தினமும் இருவேளை தவறாமல் குடித்த ஒரே ஒரு வாடிக்கையாளரைத்தான் நான் பிடித்தேன், அவரையும் இன்று நாலு மணியோடு நானே நிறுத்திவிட்டேன்.