குடித்துக் காட்டிய தண்ணீர்

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டிலருகே வைத்த டம்ளரில் காலையிலிருந்து தண்ணீர் குறையவே இல்லை. புகட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறான். டாக்டரின் முகமும் சரியில்லை. இந்தப் பிடிவாதத்தை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் இதுபோல் நோன்பு மாதம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எங்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, மழை வந்தால் பாடமும் சேர்ந்து நனையும். வாத்தியார் வேதக்காரர், கழுத்தில் சிலுவை தொங்கும். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயில் விபூதியோடு வருவோம். தோட்டத்து முனையில் கடை வைத்திருந்த ராவுத்தரின் மகள் முக்காடு போட்டு வருவாள். அவளை அக்கா என்போம். எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பானைத் தண்ணீரைக் குடித்தோம். எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை, பெரியவர்களுக்குத்தான் உறுத்தியது. பிள்ளைகள் மரத்தடியில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கினாலாவது பிரயோசனம் உண்டு என்பார் பெரிய கங்காணி. ஒரு புகார் கிடைத்தால் துரையிடம் சொல்லி மூடிவிடுவார் என்று வாத்தியாருக்கு ஓயாத பயம். கங்காணியின் செருப்புச் சத்தம் கேட்டால் அவருக்கு வாய்ப்பாடே மறந்துபோகும்.

அந்த வருடம் அக்கா முதன்முதலாக நோன்பு பிடித்தாள். தம்பி அவள் பக்கத்தில் உட்காருபவன். விரலைப் பிடித்து மணலில் எழுதப் பழக்கியதே அவள்தான். வெயில் ஏறியதும் தண்ணீர் குடிக்க நாங்கள் எழுந்தோம். அவன் எழவில்லை. சற்று நேரத்தில் துவண்டு அவள் மடியில் சாய்ந்தான். காலைக் கஞ்சியைக் கோழிக்கு ஊற்றிவிட்டு வந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

செய்தி லயத்து வீடுகளுக்குப் போவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. ராவுத்தர் வீட்டுப் பெண் மந்திரித்துவிட்டாள், பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்கள் என்று பேச்சு. ரப்பர்ப் பால் வெட்டப் போன அம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கங்காணியும் வந்தார். அக்கா அழுதுகொண்டே தம்பி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா ஒன்ன தண்ணி குடிக்க வேணாம்னு சொன்னது?" என்று கங்காணி அதட்டினார்.

"யாரும் சொல்லலீங்க. அக்கா விரதம் இருக்காங்க. வீட்டுல ஒருத்தர் காப்பு கட்டுனா எல்லாருந்தானே விரதம் இருப்போம்?"

எங்கள் வழக்கம் அதுதான். தீமிதிக்கு அப்பா காப்புக் கட்டினால் வீட்டில் ஒருவரும் கவிச்சி தொடமாட்டோம். இவன் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டான். அம்மாவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அவனை வாரிக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் அதற்குள் ராவுத்தர் வந்துவிட்டார். "எம் புள்ளையால வம்பு வேணாம் தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். கங்காணிக்கு அது போதும். "நாளைக்கு இன்னும் யார் யாரு பள்ளிக்கூடத்த விட்டு நிக்கிறாங்கன்னு பாத்துட்டு தொரைகிட்ட பேசுறேன்" என்றார்.

மறுநாள் காலை அம்மாவே எங்களைக் கொண்டுவந்து விட்டாள். வாத்தியார் வாசலில் நின்றார், கங்காணியும் நின்றார். மற்றத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, உள்ளே விடவும் மனமில்லாமல், திரும்பிப் போகவும் மனமில்லாமல் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ராவுத்தர் மகளோடு வந்தார். "விடிய விடிய அழுகை. பள்ளிக்கூடம் வரணுமாம். ஆனா தம்பி தண்ணி குடிக்கிறத பாத்தாத்தான் உள்ள வருவாளாம்" என்றார்.

அம்மா பானையில் சிரட்டையை விட்டு மொண்டு நீட்டினாள். தம்பி அக்காவைப் பார்த்தபடியே மடக் மடக்கென்று குடித்தான். அவள் வாசற்படியைத் தாண்டினாள். பின்னாலேயே மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். கங்காணி குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். அதன்பிறகு எத்தனையோ பெரிய பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் கொட்டகைக்கு ஈடாக எதையும் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்று பிற்பகல் மாசாயிலிருந்து அக்கா வந்தாள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அவன் மொதல்ல குடிக்கட்டும்" என்றாள்.

தம்பி கண்ணைத் திறந்தான். "ஒங்களுக்கு நோன்பாச்சே."

"எனக்குத்தான் நோன்பு. ஒனக்கு இல்ல. குடி லா."

டம்ளரை உதட்டருகே கொண்டுபோனேன். ஒரு மடக்கு, பிறகு இன்னொன்று. அதற்கப்புறம்தான் அக்கா உட்கார்ந்தாள்.