எனெலெஸியின் பாய்

"மூச்சு விடலாம், பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு எனெலெஸி காச்சிங்வே தரையில் உட்கார்ந்தார். முன்னால் ஒரு பாய். அதன் நடுவே மெல்லிய சட்டையோடு ஒரு குழந்தை மல்லாந்து கிடந்தது. சுவரோரம் நின்ற தாய்மார்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எனெலெஸி குழந்தையைத் தொடவில்லை, கொஞ்சவில்லை, கிலுகிலுப்பை ஆட்டவில்லை. கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போகும்வரை அதன் மணிக்கட்டையும் கணுக்காலையும் கழுத்தையும் பார்த்தபடியே இருந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஆடறாரு பெரியவரு! தூக்கிக்கோ, பால் குடு."

குறை மாதத்தில் வந்த குழந்தைக்கு, அது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதம் ஆனதும் உடம்பெங்கும் ஓயாத ஒரு சிற்றசைவு வரவேண்டும். மணிக்கட்டு சுழலும். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து மடங்கும். யாரும் சொல்லித் தராமல் மூளையே ஆட்டிவைக்கும் ஆட்டம். முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசல்போல என்பார் எனெலெஸி. ஈசலை வறுத்துத் தின்பதிலும் அவரை மிஞ்ச எங்கள் தியோலோ மாவட்டத்தில் ஆளில்லை.

நான் இதே ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிறவன். என் மேஜைக்கும் அவர் பாய்க்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பதினொரு வருடம் குழந்தைகள் வார்டைக் கூட்டித் துடைத்தவர் அவர். குறைமாதக் குழந்தைகளின் அசைவைப் பார்த்துக் குறை கண்டறியும் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது நர்சுகள் யாருக்கும் நேரமில்லை. "எனெலெஸிய அனுப்புங்க, துடைப்பமாவது ரெண்டு வாரம் ஓய்வெடுக்கட்டும்" என்று யாரோ கேலி செய்தார்கள். கேலியே உத்தரவாகிவிட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு சான்றிதழும், சிவப்புக் கம்பளிநூல் பந்து ஒன்றும் இருந்தன. அந்தப் பந்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டே சந்தைக்கும் போவார், மாதாகோவிலுக்கும் போவார். எந்தக் குழந்தையின் கண்ணாவது அதன் பின்னால் போகிறதா என்று பாதிரியார் பேசும்போதும் பார்ப்பார்.

குழந்தையைத் தொடுமுன் இரு கைகளையும் அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொள்வார். ஒரு கிலோ எடையுள்ளவரைக்கூடப் 'பெரியவரே' என்றுதான் விளிப்பார். பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் இரண்டு தேதிகள் எழுதுவார்: பிறந்த நாள், பிறந்திருக்க வேண்டிய நாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை உக்காந்துருச்சே" என்று எவளாவது புலம்பினால் இரண்டாவது தேதியில் விரலை வைத்து அழுத்துவார். "உன் மகன் சீக்கிரமே பஸ் ஏறிட்டான், அவ்வளவுதான். இன்னும் ஊர் வரல."

இரண்டு வருடங்களுக்கு முன்பு ததலா தன் மகனை அந்தப் பாயில் கிடத்தினாள். தேயிலை பறிக்கிறவள். ஏழாம் மாதத்திலேயே பிறந்த பையனை ஏழு வாரம் தன் வெறும் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டே வாழ்ந்து காப்பாற்றியவள். பிலிரனி என்று பெயர் வைத்திருந்தாள். 'தாங்கிக்கொள்' என்று பொருள். பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, இரண்டாவது தேதிப்படி மூன்றரை. ஆறு கிலோ. வார்டே தூக்கிக் கொஞ்சியது.

ஐந்து நிமிடம் போனது. எனெலெஸி சிரிக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தார். கட்டைவிரல்கள் இரண்டும் முஷ்டிக்குள்ளேயே கிடந்தன. கால்கள் ஒன்றாக நீண்டன, ஒன்றாக மடங்கின. ஆட்டம் இல்லை.

டாக்டர் ம்சூக்வாவிடம் போனார். நல்ல மனிதர், அன்று அவர் கதவுக்கு வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

"கொழுகொழுன்னு இருக்கான். இதுக்கு மேல உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"எடையத் தராசு பாத்துக்கும், டாக்டர். நான் கையப் பாக்கறேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும், எழுதிக் குடுங்க."

இரண்டு வாரம் கழித்தும் ஆட்டம் வரவில்லை. டாக்டரே வந்து பாயருகே குந்திப் பார்த்தார். அவர் குரல் தணிந்துவிட்டது. "சரி, நீங்க சொல்றதே இருக்கட்டும். மூளையில காயம்னே வச்சுக்குவோம். மருந்து இல்லையே. சொல்லி அந்தப் பொண்ண அழவைக்கணுமா?"

"மருந்துதான் இல்ல. வேலை நிறைய இருக்கு. இப்பவே தொடங்கணும்" என்றார் எனெலெஸி.

தாயிடம் அவரே சொன்னார். கையும் காலும் இறுகிப்போகலாம், நடக்கத் தாமதமாகலாம், நடக்காமலே போகலாம் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. ததலா மகனை வாரி முதுகில் கட்டிக்கொண்டாள். "என் மார்ல கிடந்து பொழச்சவன் இவன். கூட்டிப் பெருக்கினவங்க வாயால சாபம் வாங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" எனெலெஸி பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். அன்று அவர் மதியச் சாப்பாடு திறக்கப்படவேயில்லை.

ததலா அதன்பின் வரவில்லை. மூன்று தவணைகள் தவறின. நான்காவது வாரம், தன் விடுமுறை நாளில், எனெலெஸி எட்டு கிலோமீட்டர் நடந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனார். "புள்ள தூங்கறான்" என்றாள் ததலா, வாசலை மறித்து. "தூங்கட்டும்" என்று முற்றத்தில் உட்கார்ந்து, அங்கே குவிந்து கிடந்த வேர்க்கடலையை உரிக்கத் தொடங்கினார். சாயங்காலம்வரை உரித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரமும் பையன் தூங்கினான். எனெலெஸி மக்காச்சோளம் உதிர்த்தார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எனக்கு மட்டும் கோபம் வராதா? வழி நெடுக அவளத் திட்டிக்கிட்டேதான் போவேன். அவ வாசல்ல மட்டும் திட்டமாட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்றாவது வாரம் ததலாவே பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"குளிப்பாட்டறப்ப கை விரிய மாட்டேங்குதும்மா. இடது கை. உள்ளங்கையில அழுக்கு சேருது. நான்... நானே பாத்தேன்."

"நீ பாத்துட்டேல்ல? இனிமே நாம ரெண்டு பேரு" என்ற எனெலெஸி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.

வேலை தொடங்கியது. விலைக்கு வாங்கியது ஒன்றுமில்லை. இடுப்பில் கட்டும் துணியை உருளையாகச் சுருட்டி மார்புக்கடியில் கொடுத்துக் குப்புறக் கிடத்தினார்கள். பால் கொடுக்கும் பக்கத்தை மாற்றினார்கள். அவன் இடது கையை மறக்காதிருக்க, அந்தக் கைப்பக்கமே கரண்டி, அந்தக் கைப்பக்கமே தாயின் முகம். ததலாவின் கணவன் ஜெய்லோஸ் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன். பிறகு சோளத்தண்டில் கிலுகிலுப்பை செய்து கொடுத்தான். பையன் உட்காரப் பழகும் பருவம் வந்தபோது எனெலெஸி மண்வெட்டியை எடுத்து முற்றத்தில் அவன் இடுப்பளவுக்குக் குழி தோண்டினார். துணி விரித்துப் பிலிரனியை அதற்குள் நிமிர்ந்திருக்கும்படி உட்காரவைத்தார். சுற்றிலும் மண் தாங்க, அவன் முதல்முறையாகத் தலையை நேராக வைத்துக் கோழிகளைப் பார்த்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். "என்னம்மா, புள்ளைய நடறீங்களா?"

"ஆமா. மழைக்கு முன்னாடி நட்டாத்தான் பிடிக்கும்."

சிரிப்பில் ததலாவும் சேர்ந்துகொண்டாள். அவள் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை என்றார்கள்.

குழி மாதாமாதம் ஆழம் குறைந்தது. ஒருநாள் மூடப்பட்டது. இரண்டாவது தேதிப்படி ஒன்றேகால் வயதில் பிலிரனி வெறுந்தரையில் உட்கார்ந்தான். இடது கை இன்னும் முழுதாக விரிவதில்லை. இடது குதிகால் தரையில் படிய மறுக்கிறது. ஆனால் வாய் நாலு ஊருக்குக் காணும். என்னை 'ரத்தக்காரா' என்று கூப்பிடுகிறான். ஓடுவானா என்று ஜெய்லோஸ் கேட்டபோது எனெலெஸி, "தெரியாது. தெரியாததச் சொல்ல என்னால ஆகாது" என்றார். டாக்டர் ம்சூக்வா இப்போது குறைமாதப் பிள்ளைகளின் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன், "பாய்க்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்கிறார்.

போன சனிக்கிழமை நானும் எனெலெஸியோடு போயிருந்தேன். முற்றத்தில் சோளம் இடிக்கும் மர உரலைப் பிடித்துக்கொண்டு பிலிரனி நின்றான். ஒரு கோழி குறுக்கே போனது. அதைப் பிடிக்கும் ஆசையில் உரலை விட்டுவிட்டான். தான் விட்டதே அவனுக்குத் தெரியவில்லை. ஓரடி வைத்தான். இடது காலை இழுத்து இன்னோரடி. பிறகு பொத்தென்று உட்கார்ந்தான். உதடு பிதுங்கியது. ததலா பதறி எழுந்தாள்.

எனெலெஸி அவளுடைய இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்து, கீழே இழுத்து உட்காரவைத்து, தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பையன் உரலை நோக்கித் தவழ்ந்து, அதன் விளிம்பைப் பற்றி, முனகி முனகி மறுபடி எழுந்து நிற்கும்வரை அவர் பிடியை விடவில்லை.