பால் பைத்தானின் புரட்டாசி விரதம்

கடந்த ஞாயிறு எனக்கு ஒரு விருந்து அழைப்பு. டெக்சாஸின் ஆலன் நகரில், நண்பன் செந்தில் வீட்டில்... ஒரு பாம்பு விரதம் முடிக்கும் விழா!

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

செந்தில் ஆறாண்டுகளாக வளர்ப்பது ஒரு பால் பைத்தான். மூன்றரை அடி, பரம சாது. அதன் உணவோ, ஃப்ரீஸரில் உறைந்த எலி. பொள்ளாச்சியிலிருந்து வந்திறங்கிய மாமியார், தேங்காய்த் துருவல் தேடி அந்த ஃப்ரீஸரைத் திறந்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, பேரு பால் பைத்தான்னுதானே சொன்னீங்க? பாலை ஊத்தாம எலி எதுக்குங்க?”

பந்துபோல் சுருள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது என்ற விளக்கம் எடுபடவில்லை. ஒன்று பாம்பு போக வேண்டும், இல்லையேல் தாம் போக வேண்டும் என்றார். செந்தில் கலங்கினான்.

அந்த வேளையில்தான் புரட்டாசி பிறந்தது. பாம்பு எலியைத் தொடவில்லை. மறுவாரமும் முகம் திருப்பிக்கொண்டது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“விரதங்க! வாயில்லாத ஜீவனுக்குத் தெரியுது... உங்களுக்கு என்னங்க மாப்பிள்ளை, சிக்கன் கேக்குது?”

உடனே எனக்கு போன். “டேய், குளிர்காலம் நெருங்குனா இது மாசக்கணக்குல சாப்பிடாதுடா. வெயிட் குறையல, டாக்டரும் நார்மல்னுட்டார். அத்தைகிட்ட உண்மையச் சொல்லிடவா?”

சொன்னால் பாம்பு போய்விடும். சொல்லாவிட்டால் பிரியாணி போய்விடும். எத்தலைப்பாயினும் இருபுறமும் வாதாடப் பயின்றவன் நான். பட்டிமன்ற மேடையில் என் சொல் தோற்றதில்லை. ஆயினும் அன்று நான் வழங்கிய தீர்ப்பு இரண்டே சொற்கள்: “வாயை மூடு.”

மூடினான். மாதம் முழுவதும் சாம்பார் சோறு. காரில் ஒளிந்து ஒரு பர்கர் தின்றதையும் மாமியார் மோப்பம் பிடித்தார்.

ஐப்பசி பிறந்தது, ஞாயிறும் வந்தது. மேசையில் கோழிக் குழம்பு மணந்தது. செந்தில் கை கழுவி அமர்ந்தான்.

“இருங்க மாப்பிள்ளை... மொதல்ல அது சாப்பிடட்டும்.”

வெந்நீரில் சூடேற்றிய எலியை இடுக்கியில் பிடித்து ஆட்டினான் செந்தில். கெஞ்சினான். பாம்பு மெல்லத் தலையைத் தூக்கியது. எலியைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. மீண்டும் சுருண்டுகொண்டது.

மாமியாரின் கண்கள் பனித்தன.

“தெரிஞ்சு போச்சுங்க... இது கார்த்திகைக்கு மாலை போடப் போகுது. நீங்களும் போட்டுருங்க மாப்பிள்ளை!”

குழம்புச் சட்டி சமையலறைக்குத் திரும்பிச் சென்றது. செந்தில் என்னைப் பார்த்தான். பேசத் தெரிந்த நான்... சாம்பாரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டில் அன்று பிளவுபட்ட நாக்கு பாம்புக்கு மட்டுமா இருந்தது?